வலது காலில் எத்தனை கிலோ

நவம்பர் 24, திங்கள்

எடை: இல்லை.

இந்த நோட்டை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. தினமும் வலது காலில் எத்தனை கிலோ வைத்தேன் என்று குறித்து வைக்க வேண்டுமாம். பிசியோதெரபிக்கு வீட்டுக்கு வரும் ஜெனிட்டா என்ற பெண் உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஊர் நாகப்பட்டினம், வயது இருபத்தாறு இருந்தால் அதிகம். எடை பார்க்கும் மெஷின் ஒன்றையும் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

"தெனம் காலைல இதுமேல வலது கால வச்சு அழுத்துங்க சார். முள்ளு எங்க நிக்குதோ, அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க. மொதல் வாரம் பத்து கிலோ போதும்."

பத்து கிலோ! யாரிடம் வந்து சொல்கிறாள்? நான் ராஜமன்னார். எங்கள் பெருமாள் கோயிலில் சாமி தூக்கும் பாதந்தாங்கிகள் சங்கத்தின் செயலாளர். கருட வாகனத்தைத் தோளில் தூக்கும் வலது தண்டில் முதல் ஆள், இருபத்தாறு வருஷமாக. எனக்கு நேர் பின்னால் என் மச்சான் கலியபெருமாள். நாங்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்தால் கருடன் தெருவில் மிதந்து போவார் என்று ஊரே சொல்லும். அப்படிப்பட்டவனுக்குப் பத்து கிலோ.

வைகாசி கருட சேவைக்கு முன்னால், வாகனத்தில் மணல் மூட்டை ஏற்றி வெள்ளோட்டம் பார்ப்போம். அதில் தோள் கொடுக்காதவனுக்கு அந்த வருஷத்தோடு இடம் போய்விடும். சங்க விதி. எழுதியவன் நானே. என் இடத்துக்கு நெட்டை முருகையன் ஐந்து வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு மட்டும் அந்த இடம் போகக் கூடாது.

கால் எப்படி முறிந்தது என்று ஜெனிட்டா கேட்டாள். கோயில் காரியமாக உயரத்திலிருந்து விழுந்தேன் என்றேன். அடுப்படியில் என் மனைவி செங்கமலம் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

நவம்பர் 26, புதன்

எடை: இல்லை. மழை. மழை நாளில் காலை ஊன்றுவது நல்லதல்ல.

செங்கமலம் கேட்கிறாள்: "மழ வெளியதானங்க பெய்யுது?"

நவம்பர் 29, சனி

எடை: இல்லை. நேரம் இல்லை.

கலியபெருமாள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில் வைத்துக் கயிற்றால் கட்டியிருக்கிறான். என்னவென்று கேட்டேன்.

"உன் வாகனம் மாப்ள. ஊருக்கே சாமி தூக்குறோம், ஒன்னைத் தூக்க மாட்டமா? இனிமே உன் கால் தரையில படக் கூடாது. படவுட மாட்டேன்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. உட்கார வைத்துத் தூக்கினார்கள். கொல்லைப்புறம் போகத்தான் தூக்கினார்கள். ஆனால் தண்டு தோளில் ஏறியதும் கால் தானாக அசைந்தாடும் நடைக்குப் போய்விட்டது. தெருவில் ஒரு சுற்று சுற்றித்தான் கொல்லைக்கு வந்தோம். எதிர்வீட்டு அம்மாள் பழக்க தோஷத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டார். நானும் பழக்க தோஷத்தில் கையை உயர்த்திவிட்டேன். செங்கமலம் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

எடை: 10 கிலோ. சரியாகப் பத்து. போட்டோ அனுப்பியாயிற்று. ஜெனிட்டா கட்டை விரலை உயர்த்திப் பதில் போட்டிருக்கிறாள்.

பொங்கலுக்கு என்று எடுத்து வைத்த பரங்கிக்காயைக் காணோம் என்று செங்கமலம் வீடெல்லாம் தேடினாள். பத்து கிலோ காயாம், ஊரிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்ததாம். எனக்கென்ன தெரியும். நான் வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 10, புதன்

எடை: 10 கிலோ.

ஜெனிட்டா வந்தாள். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். நல்ல வேளை, மெஷின் மேல் ஏறச் சொல்லவில்லை. கம்பி வைத்துத் திருகாணி போட்டாயிற்றே, அப்புறம் எதற்கு அழுத்த வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எலும்பு கல்லு இல்ல சார். உள்ள கோடிக்கணக்குல செல்லு உசுரோட இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிப் பொந்துக்குள்ள உக்காந்துகிட்டு, மெல்லிசா கைய நீட்டி நீட்டிப் பக்கத்துல உள்ளதப் புடிச்சிருக்கும். சுத்தியும் தண்ணி. நீங்க கால ஊனுனா எலும்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு வளையும். அந்தத் தண்ணி நகரும். தண்ணி நகந்து ஒரசுனதும் அதுங்களுக்குப் புரிஞ்சுடும், பாரம் வந்துருச்சுன்னு. ஒடனே எலும்பு கட்டுற செல்லுக்கு சேதி போயிடும்."

"ஊனலைன்னா?"

"இங்க வேலை இல்லன்னு நெனச்சுக்கும். கட்டுறவங்கள நிறுத்திட்டு, இடிக்கிறவங்களக் கூப்ட்டுரும்."

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது எங்கள் கூட்டம் அல்லவா! இருட்டில் உட்கார்ந்து, யார் முகமும் யாருக்கும் தெரியாமல், பாரத்தை வைத்தே சேதி தெரிந்துகொள்கிறவர்கள். தண்டுக்கடியில் நாங்களும் அப்படித்தான். என் கால் எலும்பில் உள்ள அத்தனை பேரையும் இன்றோடு சங்கத்தில் சேர்த்துவிட்டேன்.

போகும்போது ஜெனிட்டா செங்கமலத்திடம் கேட்டாள்: "சார் எவ்ளோ ஒசரத்துலேருந்து விழுந்தாங்க?"

"ஒரு அடி. பிளாஸ்டிக் ஸ்டூலும்மா."

கோயில் காலண்டரை மாட்டப் போனேன். அதனால் அது கோயில் காரியம்தான்.

"கரப்பாம்பூச்சிக்குப் பயந்து ஏறுனாரு," என்றாள் செங்கமலம். "அது பறந்துச்சு."

டிசம்பர் 22, திங்கள்

எடை: 15 கிலோ. பரங்கிக்காய் போதவில்லை, அதாவது போதவில்லை என்று செங்கமலம் சொல்கிறாள், கூட்டுக்கு. கிடைத்துவிட்டதாம், கட்டிலுக்கடியில். எலி இழுத்துப் போயிருக்கும் என்றேன்.

புழுங்கலரிசி மூட்டை பதினைந்து கிலோ இருக்கிறது. சும்மா தகவலுக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 8, வியாழன்

நாசமாய்ப் போயிற்று.

எக்ஸ்ரே. நாற்காலியில்தான் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி மாடிப்படி முழுக்க அசைந்தாடும் நடை. கலியபெருமாளுக்கு வியர்த்துக் கொட்டியது, இறக்கி வை என்றால் கேட்கமாட்டேன் என்கிறான்.

பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முறிந்த இடத்தில் இந்நேரம் மேகம்போலப் புது எலும்பு தெரிய வேண்டுமாம். ஒன்றும் இல்லை. இரண்டு துண்டும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கின்றன. இன்னும் இரண்டு மாதம் பார்ப்பாராம். அப்போதும் இப்படியே இருந்தால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து மறுபடி ஆபரேஷன். அப்படியென்றால் இந்த வைகாசி இல்லை. முருகையனுக்கு வைகாசி.

ஜெனிட்டாவும் வந்திருந்தாள். போனை எடுத்து, நான் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வேட்டிக் கரை. அதற்குக் கீழே ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது.

"இது என்ன சார்?"

"கட்டை விரல்."

"கட்டை விரலுக்குக் காம்பு இருக்குமா சார்?"

"அட பாவி மனுசா!" என்று செங்கமலம் ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள். "என் பரங்கிக்கா!"

ஜெனிட்டா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. நாற்காலியைச் சுற்றி நின்ற நாலு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "இவங்க காலையெல்லாம் படம் எடுத்தா தூண் மாதிரி இருக்கும். உங்களத் தூக்கித் தூக்கி அவங்க எலும்பு நல்லா வளருது சார். உங்க எலும்பு, ஆள் வராத ஆபீஸ்னு பூட்டிட்டுப் போயிடுச்சு. என்னை ஏமாத்தலாம். உள்ள இருக்கறவங்கள என்ன சொல்லி ஏமாத்துவீங்க?"

நாற்காலியில் திரும்பி வரவில்லை. ஆட்டோவில் வந்தேன். கலியபெருமாள் காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தான்.

ஜனவரி 9, வெள்ளி

எடை: இல்லை.

இதை எழுதிவிட வேண்டும். ஜெனிட்டா படித்தாலும் படிக்கட்டும்.

எனக்குப் பயம். பாரத்துக்கு இல்லை, வலிக்கும் இல்லை. அந்தச் சத்தத்துக்கு. ஸ்டூலிலிருந்து விழுந்தபோது காலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி. வாசலில் இருந்த செங்கமலத்துக்கே கேட்டிருக்கிறது. முதல் தடவை மெஷின் மேல் காலை வைத்த அன்று முள் மூன்றைத் தொட்டது, எனக்கு அந்தச் சத்தம் காதில் கேட்டுவிட்டது. காலை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் பரங்கிக்காய்.

ஒன்றரை டன் கருடனைத் தூக்குகிறவன் தன் சொந்தக் காலில் மூன்று கிலோ வைக்கப் பயந்து கட்டிலில் கிடக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 10, சனி

எடை: 6 கிலோ. நிஜமாக.

காலையில் செங்கமலம் மெஷினைக் கொண்டுவந்து கட்டிலுக்கு முன்னால் வைத்தாள். நோட்டைப் படித்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"எந்திரிங்க. என் தோள்ல கைய வைங்க. பாதிய என்மேல போடுங்க, மிச்சத்த அதுமேல போடுங்க."

"நீ தாங்க மாட்ட."

"கல்யாணமாயி இருவத்திநாலு வருசமா என்ன பண்ணிகிட்டு இருக்கேனாம்?"

வைத்தேன். முள் இரண்டு. மூன்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சத்தமாகப் பால்காரரைத் திட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் கலக்கிறாராம், வாரத்துக்கு இரண்டு நாள் வருவதே இல்லையாம், போன பொங்கலுக்கும் இப்படித்தானாம். அந்தக் கூச்சலில் வேறு எந்தச் சத்தமும் கேட்க வழியில்லை. திட்டி முடித்துவிட்டு, "கண்ணத் தொறந்து பாருங்க," என்றாள். ஆறு.

ஜனவரி 24, சனி

எடை: 18 கிலோ. மாமியார், ரேஷன் கடை, மின்சார வாரியம் எல்லாரையும் திட்டித் தீர்த்தாயிற்று. இப்போது என் தங்கச்சி புருஷனைத் திட்டும் படலம் நடக்கிறது.

நாற்காலிக்குத் தடை போட்டுவிட்டேன். நாலு பேருக்கும் முகம் விழுந்துவிட்டது. வந்தது வந்தோம் என்று எங்கள் வீட்டு பீரோவைத் தூக்கி அடுத்த அறையில் வைத்தார்கள். காபி குடித்துவிட்டு மறுபடி தூக்கி இந்த அறையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, பாவம்.

பிப்ரவரி 11, புதன்

எடை: 35 கிலோ.

உற்சாகத்தில் இன்று ஒரு மணி நேரம் அசையாமல் ஊன்றி நின்றேன். ஜெனிட்டா வந்து பார்த்துவிட்டு, "சும்மா நின்னா பிரயோஜனம் இல்ல சார்," என்கிறாள்.

"தண்ணி நகந்தாத்தான் அதுங்களுக்குத் தெரியும். ஊனுங்க, எடுங்க, ஊனுங்க, எடுங்க. முப்பது தடவ போதும். அப்புறம் விட்டுட்டு சாயங்காலம் மறுபடி. ஒரேயடியா பண்ணுனா அதுங்களுக்குப் பழகிப்போயி, காதுலயே போட்டுக்காது."

சரிதான். செங்கமலம் திட்டுவதும் இப்போது எனக்குக் காதில் ஏறுவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மேகம் வந்துவிட்டது! படத்தில் இரண்டு துண்டுக்கும் நடுவில், வெள்ளையாக, அழகாக. ஆபரேஷன் இல்லை. பெரிய டாக்டர் கை கொடுத்தார். எனக்குக் கொடுத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, செங்கமலத்துக்கும் கொடுத்தார்.

சங்கத்துப் புது உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும், காலைத் தடவி, வாய்விட்டு நன்றி சொன்னேன். ஆஸ்பத்திரி நர்சு ஒரு மாதிரி பார்த்தார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

எடை: முழுசும்.

கைத்தடி போயிற்று. கடைத்தெரு வரை நடந்து போய் வெற்றிலை வாங்கி வந்தேன். முருகையன் எதிரே வந்தான். "நல்லாருக்கியளாண்ணே?" என்று கேட்டான். என்றைக்கும் இல்லாமல் என் காலைப் பார்த்துக் கேட்டான். "ஒனக்கென்ன கொறச்சல்?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஜெனிட்டா டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தாள். வலது கால் எட்டு மில்லிமீட்டர் குட்டையாம். செருப்புக்குள் ஒரு அட்டை வைத்துக்கொண்டால் போதுமாம். சாமி தூக்குகிறவனுக்குச் செருப்பு ஏது. எட்டு மில்லிமீட்டர் ஒரு விஷயமா? யாரிடமும் சொல்லவில்லை.

மே மாதம் தூக்கலாமா என்று கேட்டேன். படத்தை இன்னொரு தரம் பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, தூக்கலாம் என்றாள். "ஆனா கால் ஏதாவது சொன்னா ஒடனே கேக்கணும். பரங்கிக்காயெல்லாம் கூடாது."

மே 17, ஞாயிறு

வெள்ளோட்டம். இன்றே எழுதிவிட வேண்டும்.

கருடன்மேல் மணல் மூட்டைகள். முருகையன் இஸ்திரி போட்ட வேட்டியில் தயாராக ஓரத்தில் நின்றான். பெண்கள் பக்கத்தில் செங்கமலம், அவளுக்குப் பக்கத்தில் ஜெனிட்டா. நான் துண்டை மடித்துத் தோளில் போட்டு என் இடத்தில் நின்றேன். பின்னால் கலியபெருமாள். சங்கத் தலைவர் குரல் கொடுக்க, எல்லாரும் எழுந்தோம்.

பத்து அடி. இருபது அடி. தோளில் வலியே இல்லை. அடடா, பெருமாள் கருணை என்று நினைத்தேன். நாற்பது அடி. குடை பிடித்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. பின்னால் கலியபெருமாள் துருத்தி மாதிரி மூச்சு விடுகிறான். சந்தேகப்பட்டு லேசாகக் குதிகாலைத் தூக்கி எம்பினேன். அப்போதுதான் தண்டு என் துண்டைத் தொட்டது.

எட்டு மில்லிமீட்டர்.

வாயைத் திறக்காமல் போயிருக்கலாம். ஒருத்தனுக்கும் தெரியாது. வெள்ளோட்டம் முடியும், இடம் என்னுடையதாக இருக்கும், முருகையன் அந்த வேட்டியை மடித்து உள்ளே வைப்பான். இன்னும் ஒரு பத்து அடி அப்படித்தான் போனேன். ஆனால் காலுக்குள் ஒரு கூட்டம் பொந்துக்குப் பொந்து உட்கார்ந்து, பாரம் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருக்கிறது. நாலு மாதம் என்னை நம்பிக் கட்டியவர்கள். அவர்களை மறுபடி ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"நிறுத்துங்க! தண்டு நிக்கட்டும்!" என்று கத்தினேன்.

கட்டையைக் கொடுத்துத் தண்டை நிறுத்தினார்கள். முருகையன் துண்டை மடித்துக்கொண்டே ஓடி வந்தான். "என்னண்ணே, கால் போச்சா?"

"கால் நல்லாத்தான் இருக்கு. என் தோள்ல ஒண்ணுமே விழல!"

எங்கள் கோயிலில் பாரம் தாங்கவில்லை என்று கத்தியவர்கள் உண்டு. பாரம் இல்லை என்று கத்தியவன் நான்தான் முதல்.

"விழாது மாப்ள," என்று பின்னாலிருந்து முனகல் கேட்டது. கலியபெருமாள். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "அம்புட்டும் என் தோள்ல இருந்துச்சு. ஐயோ, இவ்ளோ கனமாடா இது?"

"என்னமோ இன்னிக்குத்தான் தூக்குற மாதிரி பேசுற?"

"இன்னிக்குத்தான்டா தூக்குறேன்." அவன் தரையைப் பார்த்தான். "நீ என்னைவிட ஒரு நூல் ஒசரம். இருவத்தாறு வருசமா தண்டு என்னைத் தொட்டதே இல்ல. மொத நாளே சொல்லணும்னு நெனச்சேன், வெக்கமா இருந்துச்சு. மறுவருசம் சொன்னா போன வருசம் ஏன் சொல்லலேன்னு கேப்ப. அப்படியே போயிடுச்சு மாப்ள. அதான் ஒனக்குக் கால் முறிஞ்சதும் என்னால தாங்க முடியல. இப்பவாச்சும் ஒன்னைத் தூக்குவோம்னு தூக்கிகிட்டுத் திரிஞ்சேன்."

"அட கிராதகா!" என்றேன். இருபத்தாறு வருஷம்! எத்தனை பாட்டில் தைலம்! எத்தனை இரவு செங்கமலம் என் தோளை நீவிவிட்டிருக்கிறாள்! அடிக்கவே கையை ஓங்கிவிட்டேன். ஆனால் அவன் நின்ற நிலையைப் பார்த்தால், கட்டிலுக்கடியில் பரங்கிக்காயை ஒளித்துவிட்டு நான் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. ஓங்கிய கையால் என் தலையையே சொறிந்துகொண்டேன்.

அதற்குள் தண்டு நெடுக ஒவ்வொருவனும் தன் துண்டுக்கடியில் விரலை விட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். ஒருத்தனும் ஒருத்தன் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "இதுக்கு மேல எவனும் வாயத் தொறக்கக் கூடாது!" என்று உறுமினார்.

செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் துண்டை உருவி, இன்னும் இரண்டு மடிப்பு மடித்துத் தோளில் வைத்துத் தட்டினாள். "இதுக்குப்போயி ஊரக் கூட்டுறீங்களே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுபடி தூக்கினோம். இந்தத் தடவை விழுந்தது. தோளில் விழுந்து, இடுப்புக்கு இறங்கி, முட்டிக்கு வந்து, முறிந்த இடத்துக்குப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன். பெண்கள் பக்கத்திலிருந்து செங்கமலம் பால்காரரைத் திட்டும் குரல் மட்டும்தான் கேட்டது.

இடம் என்னுடையது. முருகையன் கடைசியில் கொடுத்த பாயசத்தைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

மே 29, வெள்ளி

கருட சேவை. நாலு தெருவும் முடித்து இப்போதுதான் வந்தேன். கால் வீங்கவில்லை, ஜெனிட்டாவுக்குப் படம் அனுப்பிவிட்டேன்.

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக என் பங்கை மட்டும் தூக்கினேன். இவ்வளவு லேசான வேலையா இது!

தெற்கு வீதி திரும்பும்போது பின்னாலிருந்து அழாத குறையாக ஒரு குரல். "மாப்ள, தோள் எரியுதுடா. கால் எலும்பெல்லாம் விண்விண்ணுங்குது."

"வலிக்கட்டும் மச்சான்," என்றேன். "இருவத்தாறு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் பெருமாள் ஒன் எலும்பு வரைக்கும் வந்துருக்காரு. நட."